வருகைப் பரிசை நிறுத்துங்கள், வராத பிள்ளையைத் தேட ஆள் கொடுங்கள்: சேலம், ஏற்காடு திருச்சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், பங்குத்தந்தை அவர்களுக்கும், சபைக் குழு மற்றும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

ஆண்டவர் பெயரால் அன்பு வணக்கம்.

பாஸ்கா காலத்து, அதாவது ஈஸ்டர் காலத்து, நான்காம் ஞாயிறு கத்தோலிக்க ஆலயங்களில் நல்லாயன் ஞாயிறு. அதையொட்டியே கோடை விடுமுறை வந்துவிடும், சி.எஸ்.ஐ. சபைகளிலும் மற்றச் சபைகளிலும் விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்கும். இரண்டிலும் சிறுபிள்ளைகளுக்குத் தவறாமல் வைக்கப்படும் பாடம், கடவுள் நம்மைப் பேணும் மேய்ப்பர் என்பது. சேலம் நகரத்திலும், ஓமலூர், மேச்சேரி பக்கத்து ஊர்களிலும், ஏற்காட்டு எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளிலும் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கும் நாங்கள் இந்தப் பாடத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: மேய்ப்பர் செய்கிற வேலைகளை வகுப்பே செய்யட்டும். எண்ணுவது, பெயர் சொல்லி அழைப்பது, காணாததைத் தேடுவது, ஓநாயிடமிருந்து காப்பது. இதற்கு ஆளும் கொஞ்சம் பணமும் உங்கள் தீர்மானமும் வேண்டும்.

முதலில் வகுப்புக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறோம்.

வாங்கி வரும் பாடப் படங்களில் எப்போதும் பசும்புல்வெளி, வெள்ளைக் கம்பளி ஆடு. மேச்சேரிப் பிள்ளை பார்த்து வளர்ந்த ஆடு வெளிர் பழுப்பு, குட்டை முடி, கம்பளியே கிடையாது. அந்த இனத்துக்கென்றே பொட்டனேரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு பஞ்சு ஒட்டி ஆடு செய்யச் சொன்னால், வேதத்தில் வரும் ஆடு ஏதோ கதைப்புத்தக ஆடு என்று பிள்ளை ஒதுக்கிவிடும். தவிட்டு நிற அட்டையில் நம்மூர் ஆட்டைச் செய்யட்டும். பக்கத்தில் ஒரு படம் வைத்து, இயேசு வாழ்ந்த நாட்டு ஆட்டுக்குக் கம்பளி உண்டு, வால் கொழுத்துத் தொங்கும் என்றும் காட்டுங்கள். பசைக்கு ஒரு தம்ளர் மைதாவுக்கு நான்கு தம்ளர் தண்ணீர். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டுச் சிறுதீயில் கிளற வேண்டும். கெடாமலிருக்க மயில்துத்தம் சேர்க்கும் வழக்கம் சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் உண்டு. அது நஞ்சு. பிள்ளைகள் தொடும் பசையில் கூடவே கூடாது. காலையில் கிண்டியதை அன்றே தீர்த்துவிடுங்கள். ஏற்காட்டில் மூடுபனி நாளில் ஒட்டியது காய மறுநாள் ஆகும் என்பதால், கைவேலையை அடுத்த வாரம் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதே நல்லது.

சங்கீதம் 23-இல் ஆறே வசனங்கள். வாரம் ஒன்றாக ஆறு வாரம் எடுத்துக்கொண்டால் ஏழு வயதுப் பிள்ளையும் முழுதாக ஒப்பிக்கும். ஒரே நாளில் ஆறையும் திணித்தால் முதல் வரி மட்டும் நிற்கும், மிச்சம் ராகமாகிப் போகும். ‘புல்லுள்ள இடங்கள்’ என்றதும் கொடைக்கானல் காலண்டரைக் காட்டாதீர்கள். யூதேயா வறண்ட நாடு. மழைக்காலம் முடிந்து சில மாதங்களில் புல் காய்ந்துவிடும். ஏப்ரல் மாத ஓமலூர்க் காட்டைப் பார்த்த பிள்ளைக்கு இது உடனே விளங்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் பசுமை இல்லாதபோதும் எந்த வேலமரத்தில் காய் இருக்கிறது, எந்தக் குட்டையில் தண்ணீர் மிச்சமிருக்கிறது என்று ஆட்டுக்காரருக்குத் தெரியும். தொரட்டியால் கிளையை வளைத்து உலுக்கிக் காயை உதிர்த்துப் போடுவார். ஆட்டுக்கு வழி தெரியாது, அவருக்குத் தெரியும். முடிந்தால் ஒரு தொரட்டியையும் ஒரு கை வேலங்காயையும் வகுப்புக்கு எடுத்து வாருங்கள். எந்தப் படத்தைவிடவும் அது பேசும்.

‘நான் தாழ்ச்சியடையேன்’ என்ற வரியில் மிகுந்த கவனம் வேண்டும். கொலுசுப் பட்டறையில் வேலை நின்ற வாரமும், தறி ஓடாத வாரமும், எஸ்டேட்டில் கூலி குறைந்த வாரமும் பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். கேட்டதெல்லாம் கடவுள் தருவார் என்று அங்கே சொன்னால், தராத வாரம் அந்தப் பிள்ளை தன்னையே குற்றவாளியாக நினைக்கும். இந்தச் சங்கீதத்திலேயே இருண்ட பள்ளத்தாக்கு வருகிறது, எதிரிகள் வருகிறார்கள். மேய்ப்பர் இருந்தும் இருட்டு வருகிறது. இருட்டிலும் அவர் கூடவே நடக்கிறார். மூன்றாம் வசனம் வரை தாவீது கடவுளைப் பற்றிப் பிறரிடம் பேசுகிறார், நான்காம் வசனத்தில் கடவுளிடமே பேசத் தொடங்குகிறார். அதனால் முதல் மூன்று வசனங்களைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சொல்லட்டும். நான்காவதைக் கண்ணை மூடி, ஜெபமாகச் சொல்லட்டும். ஐந்தாம் வசனத்தில் படமே மாறுகிறது: அங்கே கடவுள் விருந்து வைக்கிற வீட்டுக்காரர், நாம் விருந்தாளி. அந்தப் பந்தியையும் எண்ணெயையும் எப்படியாவது ஆட்டோடு பொருத்திவிட வேண்டுமென்று ஆசிரியர்கள் படும் பாடு தேவையே இல்லை.

‘உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்.’ பள்ளியில் தடி என்றால் அடி என்று அறிந்த பிள்ளை இதைக் கேட்டுக் குழம்பும். சில ஆசிரியர்களோ இதையே அடிப்பதற்கு ஆதாரமாக்குகிறார்கள். ஒன்று ஓநாயை விரட்டும் குறுந்தடி. மற்றது மேய்ப்பர் ஊன்றி நடக்கும் நீண்ட கோல். மந்தையைக் கோலின்கீழ் நடத்தி எண்ணும் வழக்கமும் இருந்தது. லேவியராகமம் 27:32 அதைச் சொல்கிறது. இரண்டும் ஆட்டைக் காப்பதற்கு. தாவீது சிங்கத்தையும் கரடியையும் எதிர்த்து நின்று குட்டியை மீட்ட செய்தியை (1 சாமுவேல் 17) இங்கே சேர்த்துச் சொன்னால் தடி யாருக்கு என்று பிள்ளைக்குத் தெளிவாகும். கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளியில் பிள்ளையை அடிப்பதைத் தடை செய்துவிட்டது. ஆலய வளாகத்தில் பிரம்பு எதற்கு? தயவுசெய்து எடுத்து எறியச் சொல்லுங்கள்.

அதைவிடக் கேடான ஒரு கதை புழங்குகிறது. அடிக்கடி ஓடிப்போகும் குட்டியின் காலை மேய்ப்பரே ஒடித்து, ஆறும்வரை தோளில் சுமந்து, பிறகு அது அவரைவிட்டுப் பிரியாமல் இருக்கும்படி செய்வாராம். வேதாகமத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. லூக்கா 15-இல் மேய்ப்பர் கண்டுபிடிக்கும்வரை தேடுகிறார், சந்தோஷத்தோடு தோளில் போட்டுக்கொள்கிறார், அண்டை வீட்டாரைக் கூப்பிட்டுக் கொண்டாடுகிறார். ஒரு திட்டுகூட இல்லை. எசேக்கியேல் 34-இல் ஒடிந்ததைக் கட்டுவேன் என்கிறார் கடவுள். வீட்டில் அடிபடும் பிள்ளைக்கு அந்தக் கால் ஒடிக்கும் கதை என்ன சொல்லும் என்று யோசியுங்கள்: நேசிப்பவர் அடிப்பார், அடிப்பவர் நேசிக்கிறார் என்றுதானே? உங்கள் சபை ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பெயர் குறித்துத் தடை செய்ய வேண்டுகிறோம்.

நூறில் ஒன்று தொலைந்த அந்த ஆட்டுக் கதைக்கு நூறு புளியங்கொட்டை போதும். ஆறிலிருந்து ஒன்பது வயதினருக்கு இது பொருந்தும். பத்துப் பத்தாகக் குவித்து எண்ணச் சொல்லுங்கள். பிறகு எல்லோரும் கண்ணை மூடும்போது ஒன்றை எடுத்து ஒளித்துவிடுங்கள். மறுபடி எண்ணினால்தான் குறைவது தெரியும். எண்ணாத மேய்ப்பருக்கு எதுவும் தொலைவதில்லை! இதைப் பிள்ளைகளே சொல்லும்படி விடுங்கள், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். மூன்று முதல் ஐந்து வயதினருக்கு நூறு என்பது பொருளற்ற எண். பத்துக் காகித ஆடு போதும். அவர்களிடம் புளியங்கொட்டையைக் கொடுத்தால் மூக்கில் போட்டுக்கொள்வார்கள். ‘மிச்சம் தொண்ணூற்றொன்பதை யார் பார்த்துக்கொண்டார்கள்?’ என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். கதை அதைச் சொல்லவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, நீங்கள் தொலைந்திருந்தால் அவர் என்ன செய்ய வேண்டுமென்று விரும்புவீர்கள் எனத் திருப்பிக் கேளுங்கள். பிறகு 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் திடமான ஆசிரியர் ஒருவர் தோளில் தூக்கி மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும். வளர்ந்த பெட்டை ஆடு ஏறக்குறைய அந்தக் கனம் இருக்கும். தேடி அலைந்த பிறகு அந்தப் பாரத்தோடு வீடு வரை நடந்தவர் சந்தோஷப்பட்டார் என்பதை அதற்குப்பின் வாசித்தால் வகுப்பு அமைதியாகிவிடும். பிள்ளைகளைத் தூக்கவிடாதீர்கள்.

யோவான் 10-இல் ஆடுகள் மேய்ப்பரின் குரலை அறிகின்றன. செம்மறி என்றாலே மந்தபுத்தி என்று நாம் பேசிப் பழகிவிட்டோம், பிரசங்கத்திலும் அப்படியே வருகிறது. செம்மறிகள் ஐம்பது ஆடுகளின் முகங்களை அடையாளம் கண்டு இரண்டு ஆண்டுக்குமேல் நினைவில் வைத்திருக்கின்றன என்று 2001-இல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வு வந்திருக்கிறது. ஆகவே, ‘நாமெல்லாம் முட்டாள் ஆடுகள்’ என்ற பேச்சைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். குரல் விளையாட்டுக்குக் கண்ணைக் கட்ட வேண்டாம், சின்னஞ்சிறுசுகள் பயந்து அழும். சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கட்டும். நான்கு பேர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட, தன் ஆசிரியரின் குரலுக்கு மட்டும் திரும்ப வேண்டும். நால்வரும் ஒரே நேரத்தில் கத்தினால் விளையாட்டு கெட்டது. இன்னொன்று: வேதத்தில் மேய்ப்பர் முன்னே நடக்கிறார், ஆடுகள் பின்தொடர்கின்றன. நம் பக்கத்தில் ஆட்டுக்காரர் பெரும்பாலும் பின்னாலிருந்து ஓட்டுவார். கிராமத்துப் பிள்ளை இதைக் கவனித்துக் கேட்கும். அந்தக் கேள்வியைப் பாராட்டுங்கள்.

சேலத்துப் பிள்ளைகள் கேட்கும் மிகக் கடினமான கேள்வி வேறு: ‘மேய்ப்பர் கடைசியில் ஆட்டை வெட்டிவிடுவாரே?’ சிரித்து மழுப்பாதீர்கள். ஞாயிறு காலையில் ஆலயத்துக்கு வரும் வழியிலேயே கறிக்கடையில் ஆடு தொங்குவதைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளை அது. ஆமாம், ஆடு வளர்ப்பது பாலுக்கும் கம்பளிக்கும் கறிக்கும்தான். ஆட்டின் உயிரால் மனிதர் பிழைக்கிறார்கள். இயேசு அதைத் தலைகீழாக்கி, ‘நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிறான்’ என்கிறார். கேட்டவர்களுக்கு அது திகைப்பாகத்தான் இருந்திருக்கும். கறிக்கடையைப் பார்த்த பிள்ளைக்குத்தான் அந்தத் திகைப்பு முழுதாகப் புரிகிறது. செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிக்கும் மத்தேயு 25-ஐப் படித்துவிட்டு வெள்ளாட்டைக் கெட்ட பிராணியாக்கவும் வேண்டாம். சேலம் கருப்பு வெள்ளாடு எத்தனையோ பிள்ளைகளின் வீட்டு வாசலில் கட்டியிருக்கிறது. பஸ்கா பலிக்குச் செம்மறியோ வெள்ளாடோ எதையும் எடுக்கலாம் என்று யாத்திராகமம் 12:5 சொல்கிறது. பகலில் இரண்டும் சேர்ந்தே மேயும், பிரித்தெடுப்பதும் அதே மேய்ப்பர்தான்.

பெரியவர்களான நம் எல்லோரிடமும் ஒரு முரண் இருக்கிறது. ஞாயிறன்று கடவுளை மேய்ப்பர் என்று பாடுகிறோம். திங்களன்று மதிப்பெண் அட்டையைப் பார்த்து, ‘நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்று திட்டுகிறோம். வகுப்பில் ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை இருந்தால் அது கூனிக்குறுகும். அந்தப் பிள்ளையை அன்றைக்கு வகுப்பின் ஆசான் ஆக்குங்கள்: பட்டிக்குப் படல் எப்படிக் கட்டுகிறார்கள், துள்ளுமாரி நோய்க்கு ஊசி எப்போது போடுகிறார்கள், ஈன்ற ஆட்டை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு மாலை, மந்தை பட்டிக்குத் திரும்பும் நேரத்தில், பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் அழைத்துப் போங்கள். பகலில் போனால் காலிப் பட்டியைத்தான் பார்க்கலாம். ஓடவும் கத்தவும் கூடாது. ஆடு மிரண்டால் குட்டிகள் மிதிபடும். கிடாவின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். அன்று பிறந்த குட்டியைத் தூக்கக் கூடாது, தாய் தன் குட்டியை மோப்பத்தால் அறிந்துகொள்வது அந்த முதல் சில மணி நேரத்தில்தான். திரும்பும்போது எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இனி உங்களிடம் கேட்பவை.

ஆண்டு விழாவில் தவறாமல் வந்த பிள்ளைக்கு வருகைப் பரிசு கொடுக்கிறோம். மேய்ப்பர் கதைக்கு நேர் எதிரான பழக்கம் இதைவிட வேறில்லை: தொண்ணூற்றொன்பதுக்குப் பரிசு, தொலைந்த ஒன்றுக்கு வெட்கம். வராதவர்கள் யார் என்று பாருங்கள். நோயாளிப் பிள்ளை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை, நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழப் பறிப்பின்போது அம்மா காட்டுக்குப் போய்விட வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை. ஏற்காட்டில் ஞாயிறு என்பது ஓய்வு நாளே கிடையாது. சுற்றுலாக் கூட்டம் வரும் நாள், பஜ்ஜிக் கடையிலும் விடுதியிலும் அப்பா அம்மாவுக்கு அன்றுதான் பிழைப்பு. அந்தப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை மாலையில் லைன் வீட்டுப் பக்கமே ஒரு வகுப்பு வையுங்கள். அது ஞாயிறு வகுப்புக்குச் சமம் என்று சபைக் குழுவே அறிவிக்க வேண்டும்.

பரிசுப் பணத்தைத் தேடும் செலவுக்கு ஒதுக்குங்கள். பேருந்துக் கட்டணம், போகும் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம், அவ்வளவுதான். பதிவேட்டில் டிக் அடிப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி எழுத இடம் வேண்டும்: யார் கூட்டி வருகிறார்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள், எதற்குப் பயப்படும். பிள்ளை வரும்போது ஆசிரியர் வாசலில் நின்று பெயர் சொல்லி அழைக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் என்றாலும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு ஞாயிறு தொடர்ந்து வராவிட்டால் அந்தப் புதன்கிழமைக்குள் இருவர் சேர்ந்து வீட்டுக்குப் போக வேண்டும், ஒருவர் தனியாகப் போகக் கூடாது. ‘ஏன் வரலை?’ என்று ஆரம்பித்தால் வீடு கதவை மூடிக்கொள்ளும். ‘சாமி, எப்படி இருக்கே?’ என்று ஆரம்பியுங்கள். வராதவர் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். ‘ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்’ என்று பாட்டிமார் சொல்வதை எல்லாப் பிள்ளைகளும் கேட்டிருக்கும். அதை யோவான் 10-ஓடு சேர்த்துச் சொல்லுங்கள்: இனிக்கப் பேசுகிறவர் எல்லாரும் மேய்ப்பர் ஆகிவிட மாட்டார், அந்நியக் குரலுக்கு ஆடு பின்செல்லாமல் ஓடிப்போகும், அது கீழ்ப்படியாமை ஆகாது. மேய்ப்பர் பாடத்தைப் ‘பெரியவர் சொன்னால் கேள்’ என்ற பாடமாகச் சுருக்கினால், கெட்ட பெரியவரிடமும் பிள்ளை பணிந்துபோகும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களோடு எசேக்கியேல் 34-ஐ வாசியுங்கள். மந்தையைப் பேணாமல் தங்களையே பேணிக்கொண்ட மேய்ப்பர்களைக் கடவுள் கண்டிக்கிறார். ஆயர் ஐயா, தந்தையே, அந்த வகுப்பில் நீங்களும் வந்து தரையில் உட்கார வேண்டும் என்பது எங்கள் ஆசை. பிரதான மேய்ப்பர் ஒருவரே, நானும் அவருடைய ஆடுதான் என்று உங்கள் வாயால் பிள்ளைகள் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பெரியவர்கள், திறந்த கதவு. சுவரில் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண். போக்சோ சட்டம் 2012-இன்படி, பிள்ளைக்கு நேர்ந்த பாலியல் கொடுமை தெரிந்தும் புகார் செய்யாமல் விடுவது குற்றம். சபையின் பெயர் கெடும் என்று உள்ளுக்குள் பேசி முடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை, நற்செய்தியிலும் இல்லை. ஆசிரியர்கள் எல்லோருக்கும் இதை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான திட்டக் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாக வைக்க வேண்டுகிறோம். பதிவேட்டு மாதிரியை நாங்களே எழுதித் தருகிறோம். சென்ற ஆண்டுப் பதிவேட்டை எடுத்து, பாதியில் நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களை மட்டும் தனித்தாளில் எழுதி அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்த வீட்டுக்கு யார் போவது என்பதை அங்கேயே பிரித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சேலம், ஓமலூர், மேச்சேரி, ஏற்காடு பகுதிகளில் ஞாயிறு பள்ளியும் மறைக்கல்வியும் நடத்தும் ஆசிரியர்கள்